ராயப்பர் திருநாளில் மருமகனுக்கு

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
2025 ஜூன் 29, ஞாயிறு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா ஆசீர்வதித்து எழுதுவது. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் பேசறேன் மாமா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கோபம் வந்தால் கிழித்துப் போடு, எனக்கு வருத்தமில்லை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி, அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன்னைப் பற்றி யாரும் என்னிடம் கோள் சொல்லவில்லை. குழாயடியில் உன் அப்பாவைப் பார்த்து நீ சொன்னதைத் தெருவே கேட்டது. எனக்கு மட்டும் கேட்காமல் போகுமா? அந்த வார்த்தையை நான் திரும்ப எழுத மாட்டேன். தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்து காசிமேட்டில் லாஞ்செல்லாம் கடலுக்குப் போய்விட்டது. உன் அப்பா மட்டும் கரையில் நின்று, படுக்கையில் கிடக்கிற உன் அம்மாவின் துணியை அலசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து உனக்கு வெட்கம் வந்ததாம். அக்காவுக்கு நாக்குதான் குழறுகிறது, காது நன்றாகக் கேட்கும். இது உனக்கும் தெரியும்.

திட்டுவதற்காக உட்காரவில்லை மாப்ள. உனக்கு 24 வயது. நீயே யோசித்து முடிவெடுக்கிற வயது. மாதக் கடைசிக்குள் அந்தச் சகோதரர் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டேன். வீட்டை விட்டுவிட்டு அவர்களுடைய ஜாகையில் தங்கி, திருவொற்றியூர்ப் பையன்களுக்குத் தலைவனாக இருக்கச் சொல்கிறார்களாம். போவதும் போகாததும் உன் இஷ்டம். என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு முடிவு உன்னுடையது.

நீ அனுப்பிய வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். அந்தக் கூட்டத்து அண்ணன் நன்றாகத்தான் பேசுகிறார். குடிக்காதே என்கிறார், கஞ்சாவைத் தொடாதே என்கிறார், விடியற்காலை எழுந்து ஓடு, ஜெபம் செய் என்கிறார். இதையெல்லாம் சொல்ல ஒரு ஆள் வேண்டும்தான். கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக் கூலியாக நிற்கிற பையனை மேஸ்திரி முதல் செக்யூரிட்டி வரை யார் வேண்டுமானாலும் ஒருமையில் கூப்பிடுகிறான். அவனிடம் ஒருத்தர் வந்து "நீ சிங்கம்" என்று சொன்னால் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். உன் வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் பின்னால் போயிருப்பேன். உடம்பை வளர்ப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்னையில் உடற்பயிற்சிக்கென்று ஒரு கல்லூரியை 1920-ல் தொடங்கியதே ஒய்.எம்.சி.ஏ.காரரான ஹாரி பக் என்ற அமெரிக்கர்தான். வேதத்துக்கும் தண்டால் எடுப்பதற்கும் சண்டை ஒன்றும் கிடையாது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கடுத்து அவர் சொல்வது. இரக்கம் பொம்பளைக் குணமாம். அழுகிற ஆண் சபைக்கு அவமானமாம். சேசுவே சாட்டையைக் கையில் எடுத்தவராம், ராயப்பர் வாளை உருவியவராம். இன்றைக்கு ராயப்பர் திருநாள். நம்ம பேட்டையே அவர் பேரைச் சுமக்கிறது. அவரைப் பற்றி யாரோ பாதிக்கதை சொல்லிவிட்டுப் போவதை நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

வாளை உருவினார், உண்மை. பிரதான குருவின் வேலைக்காரன் காதை வெட்டினார், அதுவும் உண்மை. அதே இரவில் அடுத்து நடந்ததை அந்த அண்ணன் ஏன் சொல்லவில்லை? கெத்சமெனித் தோட்டத்தில் அத்தனை சேவகர்களுக்கு முன்னால் வாள் வீசிய அதே ஆள், சில மணி நேரம் கழித்து, குளிர் காய்கிற கரி நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட ஒரே கேள்விக்கு "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று நடுங்கினார். ஒருமுறையா, மூன்று முறை. வாள் கொடுத்த தைரியம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது. வெட்டுப்பட்ட காதை யார் ஒட்டவைத்தது? கைதாகப் போகிற சேசு. அவர் கடைசியாகக் குணமாக்கியது தன்னைப் பிடிக்க வந்தவனை. சுவிசேஷத்தில் லூக்காஸ் எழுதியிருக்கிறார், எடுத்துப் பார்.

சேவல் கூவிய பிறகு ராயப்பர் வெளியே போய் மனம் நொந்து அழுதார். அழுகிற ஆண் அவமானம் என்றால் நம்ம திருச்சபையின் முதல் தலைவரே அவமானம்தான். அந்தக் கண்ணீருக்குப் பிறகுதான் அவர் திரும்பி ஓடாத மனுஷன் ஆனார். உயிர்த்த சேசு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது எப்படி? கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, ரொட்டி வைத்து, "வந்து சாப்பிடுங்கள்" என்று கூப்பிட்டார். இரவு முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் இருந்த மீனவர்களுக்கு அவர் தன் கையால் சமைத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் ஆடுகளை மேய்க்கிற பொறுப்பையே கொடுத்தார். உங்கப்பா அடுப்பங்கரையில் நிற்பதைப் பார்த்து உனக்கு ஏன் வெட்கம் வர வேண்டும், நீயே சொல்.

சாட்டைக் கதைக்கும் வருகிறேன். கோயிலில் மேசைகளைக் கவிழ்த்தார். யாருடைய மேசை? வெளியூரிலிருந்து வந்த ஏழைகளிடம் காசு மாற்றிக் கொடுத்து லாபம் பார்த்தவர்களுடையது. புறா விற்றவர்களுடைய இருக்கைகளும் கவிழ்ந்தன. ஆட்டுக்கு வக்கில்லாத ஏழைதான் காணிக்கைக்குப் புறா வாங்குவான். அவர் கோபம் ஏழைக்காக வந்த கோபம். மத்தேயு அடுத்த வரியிலேயே ஒன்று எழுதியிருக்கிறார்: அன்றைக்கே குருடரும் முடவரும் கோயிலுக்குள் அவரிடம் வந்தார்கள், அவர்களைக் குணமாக்கினார். சாட்டையைப் பார்த்து நோயாளிகள் ஓடவில்லை, கிட்டே வந்தார்கள். உன் கோபத்தையும் இப்படிச் சோதித்துப் பார் மாப்ள. நீ கோபமாக வீட்டுக்குள் நுழையும்போது உன் அம்மாவின் முகம் உன் பக்கம் திரும்புமா, சுவர்ப் பக்கம் திரும்புமா?

இது சாமியார் பிரசங்கம் போல இருக்கிறதா? சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். துறைமுகச் சுவர் 1881 புயலில் உடைந்து மறுபடி எழுந்தது உனக்குத் தெரியும். அதற்கெல்லாம் முன்னால் கப்பல்கள் நடுக்கடலில்தான் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. பக்கத்திலேயே கட்டுமரத்தில் ஆட்கள் வருவார்கள். படகு கவிழ்ந்தால் அலைக்குள் குதித்து, விழுந்தவனை இழுத்து வருவது அவர்கள் வேலை. உயிர் காப்பாற்றியதற்காக அந்தக் கட்டுமரக்காரர்களுக்கு வெள்ளைக்காரன் பதக்கம் கொடுத்ததாகப் பழைய குறிப்புகள் இருக்கின்றன. அந்தப் படகுக்காரர்கள்தான் தங்கள் கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்து, இன்றைக்குத் தேர் அலங்கரித்து நிற்கிற ராயப்பர் கோயிலைக் கட்டினார்கள். அடித்துப் பேர் வாங்கியவர்கள் கட்டிய கோயில் இல்லை அது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போனார்களே, அதில் உன் அப்பாவும் போனார். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது நீ பதினாறு வயதுப் பையன். யாரும் கூப்பிடாமல் பக்கெட்டை எடுத்துக்கொண்டு எர்ணாவூர் பாரதியார் நகர்ப் பக்கம் போனாய். முழங்கை வரைக்கும் தார் போல ஒட்டிக்கொண்டு வந்து நின்றாய். அக்கா தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். அன்றைக்கு உன்னை ஆம்பளை இல்லை என்று எவன் சொன்னான்?

நீ அனுப்பிய ஆங்கில வீடியோவில் ஜோ ரிக்னி என்கிற அமெரிக்கப் போதகர் வருகிறார். பரிவே பாவம் என்று 2025-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு ஜனவரியில், புலம்பெயர்ந்து வந்து பயத்தோடு இருக்கிற சனங்கள் மேல் இரக்கம் வையுங்கள் என்று வாஷிங்டன் பேராலயத்தில் மேரியன் பட்டி என்ற ஆயரம்மா புதிய அதிபரின் முகத்துக்கு நேரே கேட்டார். அதற்கு அவரை எப்படியெல்லாம் ஏசினார்கள் என்பதையும் பார்த்தேன். ரிக்னி சொல்வதை நியாயமாகவே சொல்கிறேன். இரக்கம் நல்லது என்றுதான் அவரும் சொல்கிறார். அடுத்தவன் துக்கத்துக்குள் முழுகிப்போய் நம் புத்தியையும் இழக்கக் கூடாது என்பது அவர் வாதம். கட்டுமரக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குதி என்றால் அவனுக்கே புரியும். ஆனால் கயிறு எதற்கு? குதிப்பதற்குத்தானே? உங்கள் கூட்டத்தில் கயிற்றைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறீர்கள். தண்ணீரில் இறங்கியவன் எத்தனை பேர்?

இனி, நம்ம வீட்டு விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

பெரிய மாமா குத்துச்சண்டைக்காரர். சார்பட்டாப் பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வட சென்னையே இரண்டாக நின்ற காலத்தின் கடைசியில் வந்தவர். சுவரொட்டியில் அவர் பேர் வந்தால் நம்ம தெருவுக்கே திருநாள். அந்த ஆட்டத்தை நான் மட்டமாகப் பேச மாட்டேன். கீழே விழுந்தவனை அடிக்கக் கூடாது என்பதுதான் அதில் முதல் பாடம். வாத்தியார் அதை அவருக்குச் சொல்லித்தான் கொடுத்தார். மேடையில் அவர் அதை மீறியதும் இல்லை. வீட்டில் என்ன நடந்தது என்பது உன் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், போய்ச் சேர்ந்த உன் பெரிய மாமிக்குத் தெரியும்.

நடு மாமா என்ன செய்தார்? உன் ஆயா, எங்கள் அம்மா, படுக்கையில் விழுந்ததிலிருந்து அவர் வேறு எதையும் செய்யவில்லை. ஹார்பர் வேலைக்கு இரவு ஷிப்டு வாங்கிக்கொண்டு பகலெல்லாம் ஆயா பக்கத்தில் இருந்தார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த மாடில்டா மக்ஃபேல் என்ற பெண் டாக்டர் 1888-ல் தொடங்கிய வைத்தியம்தான் நம்ம ரெய்னி ஆஸ்பத்திரி. அங்கே ஒரு நர்சம்மாவிடம் கேட்டு, படுத்த ஆளை எப்படிப் புரட்டுவது, முதுகுப் புண்ணை எப்படிக் கழுவுவது என்று கற்றுக்கொண்டு வந்தார். கண்ணாலம் பேசி வந்த இரண்டு இடத்தையும் வேண்டாம் என்றார். தெருப் பையன்கள் அவரை என்ன பேர் வைத்துக் கூப்பிட்டார்கள்? குழாயடியில் உன் வாயிலிருந்து வந்த அதே பேர். அதைக் கேட்டுக்கொண்டே பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போவார். ஆயா சாகும்போது முதுகில் ஒரு புண் இல்லை.

பெரிய மாமா சாவுக்குத் தெரு முழுக்க பிளக்ஸ், மூன்று செட் மேளம், ராத்திரி பூரா கானா. நடு மாமா சாவுக்குப் பெட்டி தூக்க ஆள் பத்தாமல் நான் கடைத்தெருவுக்கு ஓடினேன். இன்றைக்கும் உங்கள் வீட்டு ஹாலில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு பெரிய மாமா படம் தொங்குகிறது. நடு மாமாவுக்குப் படமே இல்லை. எத்தனை தடவை அக்காவிடம் சொல்லியிருப்பேன்! "பாத்துக்கலாம்டா" என்பாள். நீ பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்து வளர்ந்தது அந்த ஒரு படத்தை. ஆம்பளை என்றால் இப்படித்தான் இருப்பான் என்று உன் மனதில் பதிந்ததில் ஆச்சரியம் என்ன? இந்த ஊர் யாருக்குப் போஸ்டர் ஒட்டுகிறதோ அவன் மாதிரி ஆகத்தான் பையன்கள் ஆசைப்படுவார்கள். அந்த அண்ணன் இந்தப் பழைய போஸ்டரில் ஒரு சிலுவையை வரைந்து திரும்ப ஒட்டுகிறார். எனக்குத் தெரிந்த வரைக்கும் அவர் செய்வது அவ்வளவுதான்.

கோபமாக எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடிக்கப் போவதில்லை.

உனக்கு வழியே இல்லை, அந்தக் கூட்டத்துக்குத்தான் போயாக வேண்டும் என்பது போலப் பேசுகிறாயாம். வழி இருக்கிறது. நம்ம பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. கிழவர்கள் சபை என்று சிரிப்பாய். அதைத் தொடங்கியவருக்குத் தொடங்கியபோது வயது இருபது. பிரெடெரிக் ஓசானம், பாரிசில் படித்துக்கொண்டிருந்த மாணவர், வருஷம் 1833. அதற்கு முந்தின வருஷம் அந்த ஊரைக் காலரா வாரிக்கொண்டு போயிருந்தது. விவாத மேடையில் வேதத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தவரிடம் எதிராளிகள் கேட்டார்கள்: உங்கள் சபை பழைய காலத்தில் செய்தது இருக்கட்டும், இன்றைக்கு என்ன செய்கிறது? அவர் பதிலுக்கு இன்னொரு பேச்சு தயார் செய்யவில்லை. நண்பரும் அவருமாகத் தங்கள் அறையில் மிச்சமிருந்த விறகைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு விதவையின் வீட்டில் போட்டார்கள். ஏழை வீட்டுக்கு எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று அந்தப் பையன்களுக்குப் பழக்கியவர் ரொசாலி என்ற கன்னியாஸ்திரி. ஒரு பொம்பளையிடம் கற்றுக்கொள்ள அவர்கள் வெட்கப்படவில்லை. 1997-ல், உலக இளைஞர் தினத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவில் பாப்பரசர் ஓசானத்தை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தது சும்மா இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டிரண்டு பேராகப் போகிறோம். அரிசி, மாத்திரை, சில நாள் வெறும் பேச்சு. மாடிப்படி ஏற எங்களால் முடியவில்லை. ஹவுசிங் போர்டில் நாலாவது மாடியில் எண்பது வயது மனுஷனைக் கீழே தூக்கி வர வேண்டுமென்றால் தோள் வேண்டும். ஜிம்மில் நீ ஏற்றி வைத்திருக்கிற தோளுக்கு இதைவிடப் பெரிய பளு எங்கே கிடைக்கும்?

கடைசியாக ஒன்று. சிலுவையடியில் யார் நின்றது? வாள் வைத்திருந்தவர் இல்லை. அத்தனை ஆம்பளைகளில் ஒரே ஒருவர், சேசுவுக்குப் பிரியமான சீஷர். அருளப்பர் என்று சொல்கிறோம். எல்லாரிலும் இளையவர் என்பது மரபு. உன் வயதுதான் இருக்கும் என்று வைத்துக்கொள். பொம்பளைகளோடு சேர்ந்து நின்றார். உலகத்தையே மீட்கப் போகிற நேரத்தில் சேசு அந்த வாலிபனுக்கு என்ன வேலை கொடுத்தார்? படை திரட்டச் சொன்னாரா? பழி வாங்கச் சொன்னாரா? தன் தாயை அவர் கையில் ஒப்படைத்தார். அந்த நேரத்திலிருந்து அருளப்பர் அந்தத் தாயைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டார். ஒரு வாலிபனுக்குச் சிலுவையிலிருந்து நேராக வந்த கட்டளை, மாப்ள, ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள் என்பதுதான்.

உனக்கு அந்தக் கட்டளை வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இதைவிட்டு வேறு ஜாகை எதற்கு?

சரி, முடிவு உன்னுடையது என்று சொன்னேன், சொன்ன சொல் மாற மாட்டேன். போவதானால் போ. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், உன் அப்பாவை லாஞ்சுக்கு அனுப்பிவிட்டு அக்காவை நீ பார்த்துக்கொள். காலையில் முகம் துடைத்து, கஞ்சி ஊட்டி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்து, ராத்திரி கை காலை உருவிவிட்டுப் பார். அதற்கப்புறமும் இது ஆம்பளை வேலை இல்லை என்று உனக்குத் தோன்றினால், பெட்டி கட்ட நானே வந்து உதவுகிறேன். எப்படிப் புரட்டுவது என்று தெரியாவிட்டால் எனக்குப் போன் பண்ணு. நடு மாமாவிடம் பார்த்து நானும் கற்று வைத்திருக்கிறேன்.

நீ கெட்ட பையன் இல்லை கண்ணு. கெட்ட பையனுக்கு இவ்வளவு பெரிய கடிதம் யாரும் எழுத மாட்டார்கள். இந்தத் தெருவில் உன்னைப் போல ஒரு பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? முதல் சம்பளத்தில் எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவன் நீ. தாடி உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. புது பைக்கும் நல்ல கம்பீரம், ஹெல்மெட் மட்டும் போடு. மாமி உனக்காக வஞ்சிரம் வாங்கி மசாலா தடவி வைத்திருக்கிறாள். ராத்திரி ஷிப்டு முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் கதவைத் தட்டு, சூடாகப் பொரித்துத் தருவாள். சட்டை எடுக்க ஆயிரம் ரூபாய் ஜிபேயில் போட்டிருக்கிறேன். திருநாளுக்கு மாமா கொடுக்கிற காசு, திருப்பி அனுப்பினால்தான் எனக்குக் கோபம் வரும். உனக்கு ஏதாவது ஒன்று என்றால் இந்த உசுரு தாங்காது. சேசு உன்னை ஆசீர்வதிப்பாராக, ராயப்பர் உன் கூடவே நடக்கட்டும், தங்கமே.

என்றும் உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
மாமா

பி.கு: அப்பாவிடம் மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார். மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.